கொழும்பு ஓட்டத்துக்கு சிந்தெற்றிக் ஒயிலா, சாதா ஒயிலா?

வெள்ளவத்தை_வேகன்:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் இரண்டு கார் நிற்கின்றன. என்னுடையது 2017 வேகன் ஆர் ஹைபிரிட், வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய்வருவது, காலி வீதி நெரிசல்தான் அதன் வாழ்க்கை. அப்பாவுடையது 2004 கொரோல்லா 121, கிழமைக்கு இரண்டு தரம் கோயிலுக்கும் சந்தைக்கும் போகும், மற்ற நேரம் கேற்றுக்குள் தூசி பிடித்துக்கொண்டு நிற்கும்.

சனிக்கிழமை வேகன் ஆரை சேர்விஸுக்குக் கொண்டுபோனேன். அங்கே நின்ற பொடியன், “அண்ணா, 0டபிள்யூ-20 தண்ணி மாதிரி, அது ஜப்பான் குளிருக்கு. எங்கட வெயிலுக்கு 20டபிள்யூ-50 போடுங்கோ, அப்பதான் எஞ்சின் நிற்கும்” என்றான் (இந்த எண்கள் ஒயிலின் தடிப்பு எண்கள், எண் கூடினால் தடிப்பும் கூட). கார் கழுவ வந்த இன்னொருவர் குறுக்கே விழுந்து, முழு சிந்தெற்றிக் போட்டால் 15,000 கிலோமீற்றர் வரை பொனெட்டைத் திறக்கவே தேவையில்லை என்றார். அந்தக் கேனின் விலை சாதா கேனின் இரண்டு மடங்குக்குக் கிட்ட. யாரை நம்புவது என்று தெரியாமல் டயருக்குக் காற்று மட்டும் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

2020 இல் நின்ற வாகன இறக்குமதி 2025 இல்தான் திரும்பத் திறந்தது. இப்போது விலைகள் இருக்கிற நிலையில் இந்த இரண்டையும் இன்னும் பத்து வருடம் ஓட்டியாக வேண்டும். ஒயிலில் மிச்சம் பிடித்து எஞ்சினைச் சாகடிக்கவும் விருப்பமில்லை, சும்மா காசைக் கொட்டவும் விருப்பமில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மருதானை_நானா:

தம்பி, காற்று மட்டும் அடித்துக்கொண்டு வந்தீர்களே, அதுவே நல்ல வேலை.

இந்த “எங்கட வெயிலுக்குத் தடித்த ஒயில்” கதையை நான் கராஜில் கால் வைத்த நாளிலிருந்து கேட்கிறேன், 26 வருடமாகிறது. வெளியே 32 பாகை வெயில் என்றால் எஞ்சினுக்குள் என்ன சூடு? தேர்மோஸ்டாட் என்று ஒன்று எதற்கு இருக்கிறது? ஜப்பானில் பனி கொட்டினாலும் கொழும்பில் வெயில் கொளுத்தினாலும் ஓடிச் சூடான எஞ்சினின் தண்ணீரை அது 80, 90 பாகையில் பிடித்து வைக்கும். ஒயிலும் அதை ஒட்டித்தான் இருக்கும். வெளிக் காலநிலையின் வேறுபாடு பெரும்பாலும் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போதுதான்.

அந்தச் சின்ன எஞ்சினில் பேரிங் இடைவெளிகள் மெல்லிய ஒயிலுக்கென்றே வெட்டியவை. வால்வ் டைமிங்கை மாற்றுகிற விவிடி வேலை செய்வதும் ஒயில் அழுத்தத்தில்தான். 20டபிள்யூ-50 ஊற்றினால் அன்றைக்கே எஞ்சின் வெடிக்காது, அதனால்தான் பொடியன்மார் தைரியமாக ஊற்றுகிறார்கள். ஆனால் காலையில் மேலே தலைக்கு ஒயில் ஏறச் சுணங்கும், பெற்றோல் கூடக் குடிக்கும், விவிடி இழுத்துக்கொண்டு வேலை செய்யும். பிறகு என்னிடம் வந்து “நானா, பிக்கப் இல்லை” என்று நிற்பார்கள்.

சிந்தெற்றிக்கா சாதாவா என்பதற்கு என் பதில் வேறு. எஞ்சினின் மேல்மூடியான டப்பெட் கவரைத் திறந்தால் உள்ளே தெரிவது ஒயிலின் பெயர் இல்லை, சொந்தக்காரரின் பழக்கம். 5,000 க்கு 5,000 சாதா ஒயில் மாற்றிய எஞ்சின் உள்ளே தேன் நிறத்தில் மினுங்கும். “நான் சிந்தெற்றிக்தான் பாவிக்கிறேன்” என்று இரண்டு வருடம் ஓட்டிவிட்டு வருவார்கள், உள்ளே கத்தியால் சுரண்டி எடுக்கிற அளவுக்குத் தார். இரண்டையும் ஒரே கிழமையில் பார்த்திருக்கிறேன்.

பம்பல_டர்போ:

நானா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் 2025 க்குப் பிறகும் மினரல் ஒயிலுக்கு, அதுதான் இந்தச் சாதா ஒயிலுக்கு, வக்காலத்து வாங்குவது சரியில்லை. நான் சிவிக் 1.0 டர்போவுக்கு முழு சிந்தெற்றிக் போட்டு 12,000 க்கு ஒருதடவைதான் மாற்றுகிறேன். எஞ்சின் பூனை மாதிரி. விலை இரண்டு மடங்கு என்றாலும் இரண்டு மடங்கு தூரம் ஓடினால் கணக்கு சரிதானே? சேர்விஸ் கூலியும் பில்டரும் மிச்சம். படித்தவர்கள் இன்னும் 5,000 கிலோமீற்றர் கணக்கில் நிற்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆய்வுகூட_அக்கா:

மசகு எண்ணெய் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் சில வருடம் வேலை செய்தவள் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேனுக்குள் இருப்பதில் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய், மிச்சம் அழுக்கைக் கரைத்து வைத்திருக்கிற, தேய்மானத்தைத் தடுக்கிற, அமிலத்தை முறிக்கிற சேர்மானங்கள். “சிந்தெற்றிக்” என்ற சொல் அடிப்படை எண்ணெயைப் பற்றியது மட்டும்தான். அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனமான ஏபிஐ அதை ஐந்து குழுவாகப் பிரிக்கிறது. முதலாவது கரைப்பான் கொண்டு கழுவிச் சுத்திகரித்தது, பழைய சாதா ஒயில் அதுதான். இரண்டாவது ஐதரசன் கொடுத்துச் சுத்தமாக்கியது. அதே வேலையை இன்னும் கடுமையாகச் செய்து, பாகுநிலைச் சுட்டெண்ணை (சூடு மாறினாலும் தடிப்பு அதிகம் மாறாமல் நிற்பதைக் காட்டும் எண்) 120 க்கு மேலே கொண்டுவந்தால் மூன்றாவது குழு. நாலாவது பிஏஓ, வாயுவிலிருந்து தொடங்கி மூலக்கூறு மூலக்கூறாகக் கட்டி எழுப்பியது. எஸ்டர் போன்ற மிச்சமெல்லாம் ஐந்தாவது.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். மூன்றாவது குழுவும் நிலத்துக்கடியிலிருந்து எடுத்த கச்சா எண்ணெயிலிருந்து வந்ததுதான். அதை சிந்தெற்றிக் என்று விற்கலாமா என்று அமெரிக்காவில் மொபில் நிறுவனம் காஸ்ட்ரோல் மீது முறைப்பாடு கொடுத்தது. விளம்பரங்களை விசாரிக்கிற அங்கத்தைய அமைப்பு 1999 இல் காஸ்ட்ரோல் பக்கம் சாய்ந்தது. அன்றிலிருந்து “முழு சிந்தெற்றிக்” என்று எழுதிய கேன்களில் பெரும்பாலானவை மூன்றாவது குழு. அது கெட்ட ஒயில் என்று சொல்லவில்லை, நல்ல ஒயில்தான். “செமி சிந்தெற்றிக்” என்ற பெயரில் மட்டும் கவனமாக இருங்கள், உள்ளே எத்தனை வீதம் சிந்தெற்றிக் இருக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

வெள்ளவத்தைத் தம்பிக்கு நேரடிப் பதில்: உங்கள் வேகன் ஆருக்கு இந்த விவாதமே தேவையில்லை. 0டபிள்யூ-20 என்ற தரத்தை முதலாம் குழுச் சாதா எண்ணெயில் செய்ய முடியாது. அவ்வளவு மெல்லிய சாதா எண்ணெய் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். 250 பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்து எவ்வளவு ஆவியாகிறது என்று பார்ப்பார்கள், 15 வீதத்துக்கு மேலே போனால் ஐல்சாக் ஜிஎஃப்-6 என்ற பெற்றோல் கார் ஒயில் தரம் கிடைக்காது. ஆகவே 0டபிள்யூ-20 என்று ஒழுங்கான கேன் எதை எடுத்தாலும் உள்ளே இருப்பது சிந்தெற்றிக் வகைதான்.

அந்தப் பொடியன் சொன்ன “0டபிள்யூ குளிருக்கு” என்பது பாதி சரி. அந்தத் தரம் மறை 35 பாகையிலும் எஞ்சின் சுற்றக்கூடிய அளவு இளக்கமாக இருக்க வேண்டும், 20டபிள்யூ என்றால் மறை 15 பாகை. கொழும்பில் இரண்டுமே எங்களுக்குத் தேவைப்படாது. நுவரெலியாவில் பனி விழுகிற நாளில்கூடத் தேவைப்படாது. ஆனால் எஞ்சினின் கண்ணுக்கு 28 பாகையும் குளிர்தான். 40 பாகையில் 0டபிள்யூ-20 ஒயிலைவிட 20டபிள்யூ-50 ஏறக்குறைய மூன்றரை மடங்கு தடிப்பு. காலையில் முதல் சில நொடியில் நானா சொன்ன சுணக்கம் அங்கேதான் வருகிறது.

மருதானை_நானா:

அக்கா, இதை ஒரு பேப்பரில் எழுதித் தாருங்கள், கராஜ் சுவரில் ஒட்டுகிறேன்.

பம்பல_டர்போ தம்பிக்கு ஒன்று. கோபப்படாதீர்கள், உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன். சிவிக் 1.0 டர்போவில் டைமிங் பெல்ட் ஒயிலுக்குள்ளேயே ஓடுகிற வகை, தெரியுமா? வெளியே நிற்கிற பழைய பெல்ட் மாதிரி இல்லை. நேரடியாகப் பெற்றோல் பீச்சுகிற டர்போ எஞ்சின், அதுவும் சின்ன ஓட்டமாக ஓடினால் பெற்றோல் கொஞ்சம் கொஞ்சமாக ஒயிலில் கலக்கும். பெற்றோல் கலந்த ஒயிலில் அந்த பெல்ட் ஊறும், உப்பும், உதிரும். உதிர்ந்த துகள் எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கிற சம்பில் இருக்கிற ஒயில் வலையை அடைக்கும். பிறகு ஒயில் லைட் எரியும்போது பூனைச் சத்தம் இருக்காது. உங்கள் காருக்கு சிந்தெற்றிக் கட்டாயம், நான் மறுக்கவில்லை. ஆனால் பம்பலப்பிட்டி ஓட்டத்துக்கு 12,000 மிகவும் கூட.

பம்பல_டர்போ:

பெல்ட் விஷயம் தெரியாது. உண்மையாகவே தெரியாது. வாங்கும்போது ஒருவரும் சொல்லவில்லை. இப்போது எத்தனையில் மாற்றுவது?

மருதானை_நானா:

5,000 அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. அடுத்த தரம் ஒயில் மாற்றும்போது ஒயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்து பெல்ட்டின் முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்பு தெரிந்தால் தள்ளிப் போடவேண்டாம்.

கேடிஎச்_ஓட்டுநர்:

நான் ஹயர் ஓடுகிறவன், கேடிஎச் டீசல் வான். 15டபிள்யூ-40 சாதா ஒயில்தான், 5,000 க்கு மாற்றுவேன், நாலரை லட்சம் ஓடியும் எஞ்சின் திறக்கவில்லை. மாற்றி அடுத்த நாளே ஒயில் கறுத்துவிடும், டீசலுக்கு அது வழக்கம், புகைக்கரியைப் பிடித்து வைப்பதுதானே ஒயிலின் வேலை. கறுப்பைப் பார்த்து “ஒயில் செத்துவிட்டது” என்று மாற்றச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. எல்லோரும் கிலோமீற்றரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், மணித்தியாலத்தை ஒருவரும் எண்ணவில்லை. நான் யாழ்ப்பாணம் போனால் ஒரு பக்கம் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், எட்டு மணித்தியாலம், ஏ9 இல் எஞ்சின் ஒரே சூட்டில் ஒரே சத்தத்தில் ஓடும். அந்தக் கணக்கில் 5,000 கிலோமீற்றர் என்பது 100 மணித்தியால ஓட்டம். வெள்ளவத்தைத் தம்பி காலையில் காலி வீதியில் மணிக்கு 12 கிலோமீற்றர் போனால் பெரிய விஷயம். அப்படிப் பார்த்தால் அதே 5,000 க்கு அவரது கார் 400 மணித்தியாலத்துக்கு மேல் விழித்திருக்கிறது. ஹைபிரிட் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடும்தான், ஆனாலும் ஏசி போட்டுக்கொண்டு நெரிசலில் நின்றால் எத்தனை நேரம் அணைந்திருக்கும்? மீற்றரில் என் வான் மூன்று மடங்கு ஓடியிருந்தாலும் ஒயிலுக்கு அவரது காரில்தான் வயது கூட.

ஆய்வுகூட_அக்கா:

மிகச் சரியான கணக்கு. ஜப்பானில் டொயோட்டா சாதாரண பெற்றோல் கார்களுக்குப் பொதுவாகச் சொல்வது 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம். எங்கள் ஆட்கள் அந்த ஒரு வரியை மட்டும் வாசித்துவிட்டு வருகிறார்கள். கீழே “கடும் பாவனை” என்று இன்னொரு வரி இருக்கிறது, அதில் பாதி: 7,500 அல்லது ஆறு மாதம். டர்போவுக்குச் சாதாரண பாவனைக்கே 5,000. கடும் பாவனை என்றால் பாலைவனமோ காடோ என்று நினைக்கவேண்டாம். 8 கிலோமீற்றருக்குக் குறைந்த ஓட்டங்கள், மெதுவாக ஊர்வது, நின்று நின்று போவது, மலையேற்றம், இதெல்லாம்தான். சுருக்கமாகச் சொன்னால் கொழும்பு.

அப்பாவின் கொரோல்லா இதில் இன்னும் மோசம், தம்பி கவனியுங்கள். கோயிலுக்கு இரண்டு கிலோமீற்றர் போய் அணைத்தால் ஒயில் முழுச் சூட்டுக்கு வராது. எரியும்போது உண்டாகும் நீராவியும் கொஞ்சப் பெற்றோலும் ஒயிலுக்குள் இறங்கும், சூடு ஏறினால்தான் அவை ஆவியாகி வெளியேறும். ஏறாவிட்டால் உள்ளேயே கிடந்து அமிலமாகும். ஒயில் மூடியின் அடியில் தேங்காய்ப்பால் நிறத்தில் படை இருந்தால் அதுதான் அடையாளம். வருடத்தில் 2,000 கிலோமீற்றர்தான் ஓடினாலும் ஆறு மாதத்துக்கு ஒருதரம் மாற்றுங்கள். கிழமைக்கு ஒருதரம் பத்தரமுல்லைப் பக்கம் அரை மணித்தியாலம் ஓட்டிவிட்டு வந்தால் அப்பாவுக்கும் நல்லது.

தெஹிவளை_பழசு:

கொரோல்லாவைப் பற்றி நான் சொல்கிறேன், என்னிடமும் 121 தான். நான் ஒருதடவை சிந்தெற்றிக்குக்கு மாறினேன், இரண்டு மாதத்தில் வால்வ் கவரின் ஓரத்தில் கசிவு. சிந்தெற்றிக் பழைய சீலைத் தின்னும் என்று பெரியவர்கள் சொன்னது சரியாகப் போய்விட்டது. திரும்பவும் சாதா ஒயிலுக்கே வந்துவிட்டேன். தம்பி, அப்பாவின் காரில் விளையாட வேண்டாம்.

மருதானை_நானா:

ஐயா, ஒரு கேள்வி. கசிவு வந்த பிறகு சாதா ஒயிலுக்குத் திரும்பினீர்கள், கசிவு நின்றதா?

தெஹிவளை_பழசு:

இல்லை. கஸ்கெட் மாற்றத்தான் நின்றது.

மருதானை_நானா:

அதுதான். ரப்பர் இருபது வருடத்தில் கல்லாகிப் போயிருக்கும், வெடிப்பை அழுக்கு அடைத்துக்கொண்டிருந்திருக்கும். புது ஒயில் அழுக்கைக் கழுவியதும் வெடிப்பு வெளியே தெரிந்தது. 70களில் வந்த முதல் சிந்தெற்றிக்குகள் சில சீலைச் சுருங்கச் செய்தது உண்மை, அந்தக் கதைதான் இன்னும் சுற்றுகிறது. இப்போதைய ஒயிலில் அதற்கான சேர்மானம் போட்டுத்தான் வருகிறது. ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: கசிகிற, ஒயில் குடிக்கிற பழைய எஞ்சினுக்கு விலைகூடிய ஒயில் ஊற்றுவது ஓட்டைப் பானையில் பால் ஊற்றுகிற வேலை.

வெள்ளவத்தை_வேகன்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, சிந்தெற்றிக்கையும் சாதாவையும் கலக்கலாமா? இரண்டு, போலி ஒயில் நிறைய ஓடுகிறது என்கிறார்கள், எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆய்வுகூட_அக்கா:

கலக்கலாம். மற்ற ஒயில்களோடு பிரியாமல் கலக்கிறதா என்பதும் ஏபிஐ தரத்துக்கான சோதனைகளில் ஒன்று. கலந்தால் தயிர் மாதிரித் திரியும் என்பது கட்டுக்கதை. ஆனால் சிந்தெற்றிக்கில் கால்வாசி சாதா ஊற்றிவிட்டு சிந்தெற்றிக்கின் பலன் முழுதாக வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. கேனில் ஏபிஐ எஸ்பி என்று இருக்கிறதா பாருங்கள், 2020 இல் வந்த தரம் அது. அதற்குப் பிந்தியது கிடைத்தால் இன்னும் நல்லது. பழைய காருக்கும் புதுத் தரம் போடலாம், தடிப்பு எண் மட்டும் பொருந்த வேண்டும். இடையில் ஒன்று: வீட்டில் மோட்டார் சைக்கிள் இருந்தால் மிச்சக் கார் ஒயிலை அதற்கு ஊற்றிவிடாதீர்கள், பைக்கின் கிளச் அதே ஒயிலில்தான் ஊறுகிறது, வழுக்கும். பைக்குக்கு ஜாசோ எம்ஏ என்ற ஜப்பானிய பைக் ஒயில் தரம் போட்ட கேன் வேண்டும்.

கேடிஎச்_ஓட்டுநர்:

போலியை நிறத்தையும் மணத்தையும் வைத்துக் கண்டுபிடிக்கிறேன் என்று சொல்கிறவன் பொய் சொல்கிறான். நான் போன வருடம் ஏமாந்தேன். கடையின் பெயர் வேண்டாம். வழக்கமான விலையைவிடக் குறைத்துத் தந்தார்கள், நானும் சந்தோஷமாக வாங்கினேன். வீட்டில் மூடியைத் திருகினால் வளையம் உடைகிற சத்தமே வரவில்லை, பார்த்தால் பசை போட்டு ஒட்டியிருக்கிறது. கொண்டுபோய் முகத்துக்கு முன்னால் வைத்தேன், காசைத் தந்துவிட்டார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதிலேயே விளங்கிவிட்டது.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். ஒன்று, ஏஜென்டிடமோ பில் தருகிற பெரிய கடையிலோ நானே வாங்கி, நானே கொண்டுபோய், என் கண் முன்னால் மூடி திறந்து ஊற்ற வைப்பேன். இரண்டாவது, வெறும் கேனை ஆணியால் குத்தித்தான் போத்தல் பேப்பர் எடுக்க வருகிறவரிடம் கொடுப்பேன். நல்ல கேன் முழுசாகப் போனால் அது எந்தக் கடை இராக்கைக்குத் திரும்பி வரும் என்று யாருக்குத் தெரியும்?

மருதானை_நானா:

அதோடு மிச்ச ஒயிலையும் கேட்டு வாங்குங்கள். வேகன் ஆருக்கு பில்டரோடு சேர்த்தும் மூன்று லீற்றர் போகாது. நாலு லீற்றர் கேனுக்குக் காசு கட்டினால் ஒரு லீற்றருக்கு மேல் உங்களுடையது. பல இடங்களில் அது சத்தமில்லாமல் பின்பக்கம் போய்விடும். அதைவிட மோசம், சில பொடியன்மார் முழுக் கேனையும் ஊற்றிவிட்டு அனுப்புகிறார்கள், டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கும், ஒயில் நுரைத்து எஞ்சின் முக்கும். காரைச் சமதரையில் விட்டு, அணைத்து ஐந்து நிமிடம் பொறுத்து, நீங்களே இழுத்துப் பாருங்கள்.

வெள்ளவத்தை_வேகன்:

இன்று வேலை முடிந்தது. எழுதிவிடுகிறேன்.

வேகன் ஆருக்கு ஏஜென்டிடம் 0டபிள்யூ-20 ஏபிஐ எஸ்பி வாங்கினேன். 5,000 அல்லது ஆறு மாதம் என்று கண்ணாடியில் ஒட்டியாயிற்று. அப்பாவின் கொரோல்லாவுக்கு 10டபிள்யூ-30 சாதா ஒயில், கையேட்டில் 5டபிள்யூ-30 உம் 10டபிள்யூ-30 உம் இரண்டும் இருக்கின்றன. வருடத்துக்கு இரண்டு தரம் மாற்றுவதென்றால் அதற்கு விலைகூடியதை ஊற்றி என்ன செய்ய. ஒயில் மூடியின் அடியில் அக்கா சொன்ன தேங்காய்ப்பால் படை அப்படியே இருந்தது. அப்பாவிடம் காட்டினேன், “அது எப்பவும் அப்படித்தான் இருக்கும்” என்றார். இந்த ஞாயிறு பத்தரமுல்லைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், பெற்றோல் காசு என்னுடையது என்ற நிபந்தனையில்.

சேர்விஸில் அதே பொடியன்தான் நின்றான். மிச்ச ஒயிலைக் கேட்டதும் முதலில் “எல்லாம் போயிட்டு அண்ணா” என்றான். டிப்ஸ்டிக்கை இழுத்துக் காட்டி, போனது மூன்று லீற்றர்கூட இல்லையே என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய் எடுத்து வந்தான், ஒரு லீற்றருக்கு மேலேயே இருக்கிறது. சமையலறை அலுமாரிக்குக் கீழே வைத்திருக்கிறேன், அம்மா நல்லெண்ணெய் என்று நினைத்து எடுக்காமல் இருக்க மேலே பெரிதாக எழுதி ஒட்டியாயிற்று.